கூரை முடியட்டும்

ஜூன் 4
அம்மா குமாசி நகரத்துப் பிணவறைக் குளிரில் கிடக்கிறாள். வீட்டைச் சீராக்காமல் அடக்கத்துக்கு நாள் குறிக்க மாட்டேன் என்கிறார் மாமா. அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஊரே வரும், ஒழுகுகிற கூரைக்குக் கீழேயா கிடத்துவது? தச்சர் இசாக்காவைக் கூப்பிடலாம் என்றேன். அதற்குள் அண்ணன் அஜேமான் சுத்தியலோடு ஏணியில் ஏறிவிட்டான்.

"அம்மா வீட்டுல வெளியாள் கை படக் கூடாது, டுஃபி. நானே பாத்துக்கறேன்."

பஸ் ஓட்டுகிறவனுக்குக் கூரை வேலை என்ன தெரியும்?

ஜூன் 11
நெளித் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டிய ஆணியைப் பள்ளத்தில் அடித்திருக்கிறான். மழைத் தண்ணீர் ஆணி வழியே இறங்குகிறது. அம்மா கட்டிலைச் சுற்றி வாளிகள். சொன்னால் கேட்டால்தானே!

ஜூன் 12
எல்லாவற்றையும் பிடுங்குகிறான்.

ஜூன் 23
மாமா வந்தார். அண்ணாந்து பார்த்தார். "என்னடா மருமகனே, கூரை போடுறியா, சல்லடை பின்றியா? எங்கக்கா அங்க விறைச்சுப்போய்க் கிடக்கா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் அடுத்த ஆணியைப் பிடுங்கினான். சனிக்கிழமைதான் இங்கே அடக்கம்; சனிக்கிழமைகள் போய்க்கொண்டே இருக்கின்றன. வாழைப்பழம் சுட்டு விற்கிறவள்கூட, "இன்னுமா எடுக்கல?" என்கிறாள். நான் என்ன செய்ய? மூத்தவன் அவன். அவனையும் தள்ள முடியவில்லை, அம்மாவை அங்கே விட்டுவைக்கவும் மனசு ஆறவில்லை.

ஜூலை 2
அண்ணன் பஸ்ஸோடு வடக்கே தமாலே ஊருக்குப் போயிருக்கிறான். இசாக்காவை நானே கூட்டிவந்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் முடித்துக் கொடுத்தார். பிறகு நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. சந்தோஷப்பட வேண்டாமா நான்? வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

ஜூலை 3
அண்ணன் திரும்பி வந்தான். கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கூரையையே பார்த்தான்.

"முடிச்சுட்டியா?"

"முடிச்சாச்சுண்ணா."

"இது முடியாத வரைக்கும் அவளப் புதைக்க மாட்டாங்கல்ல..."

அடப்பாவி. இதுக்கா இத்தனை நாளும்? நான் வேற அவனை என்னென்ன திட்டினேன்—

ஜூலை 5
மாமா நாள் குறிக்க வந்தார். கூரை, சுவர், தரை எல்லாம் சுற்றிப் பார்த்தார். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு. மாசக் கடைசி சனிக்கிழமை எடுத்துரலாமா?"

அண்ணன் தலை நிமிரவில்லை. மாமா என்னைப் பார்த்தார்.

"சன்னலுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கலையே மாமா," என்றேன்.