குரலை உயர்த்தாத கணவன்

ஆடி கடைசி வெள்ளி, இரவு.

ஆடிக்கு அழைத்து வந்த அக்காவைக் கூட்டிப்போக, ஞாயிறன்று எட்டயபுரத்திலிருந்து அத்தான் வருகிறார். இன்று அவளோடு ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தேன். மனைவி காணாமல் போகிறாள். கணவன்தான் கொன்றானா என்று கடைசிவரை சொல்லவில்லை.

"என்னட்டி படம் இது, மழைக்குக் காத்துக் கெடக்குத மாதிரி!" என்று அம்மா பாதியில் எழுந்துவிட்டாள்.

"கொன்னது அவன்தான்" என்றாள் அக்கா.

"அவன் ஒரு தடவைகூடச் சத்தம் போடலையே" என்றேன். இணையத்திலும் பாதிப்பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

"அதனாலதாண்டி சொல்லுதேன். சத்தம் போட்டா அக்கம்பக்கம் கேக்கும்லா."

அத்தான் அதிர்ந்து பேசமாட்டார் என்று எல்லோரும் மெச்சுகிறோம். நானும்தான்.

பக்கத்தில் அக்கா இன்னும் தூங்கவில்லை. கேட்டால், படத்தைத்தானே சொன்னேன் என்பாள். இருந்தாலும் கேட்கப் போகிறேன்.