மஞ்சள் கோடு விலகியிருந்தது

செப். 8, திங்கள்

காலையில் மூட்டம். பிற்பகல் வெயில் கொளுத்தியது. முதல் ஷிப்ட் முடித்து, கம்பெனிப் பேருந்திலிருந்து வழியில் இறங்கி, பிள்ளைப்பாக்கத்தில் ஏகாம்பரத்தின் டிங்கர் கொட்டகைக்கு நடந்தேன். (இனி ஏ. முழுப் பெயரை எழுதும் அளவுக்கு அவர்மேல் இன்று மதிப்பில்லை.)

ஹெரால்டு வாங்கி இரண்டரை ஆண்டுகள். என்னைவிட வயதில் மூத்த கார். இதுவரை நேர்ந்த தடைகள்:

– கியர் பெட்டி இரு முறை பிரிப்பு.
– கோவையிலிருந்து வரவழைத்த இடக் கதவு, வலக் கதவாக வந்து சேர்ந்தது.
– முன் கண்ணாடி, இறக்கும்போதே விரிசல்.
– புதிதாக இழுத்த வயரிங்கை எலி கடித்தது. எலி என்பது ஏ.யின் கூற்று. நான் எலியைப் பார்க்கவில்லை.

மீதி வேலை: இருக்கைத் துணி, பிரேக், கடைசிப் பூச்சு. கம்பெனியில் ஆயுத பூஜை 30ஆம் தேதி. இருபத்திரண்டு நாட்கள். ஜூன் மாதம் கேன்டீனில் பதினோரு பேர் முன்னிலையில் நான் அறிவித்தது: "ஆயுத பூஜைக்கு என் சொந்தக் காரை நானே ஓட்டிக்கொண்டு இந்த கேட்டுக்குள் நுழைவேன்." பத்தாம் வகுப்போடு லைனில் சேர்ந்து, இன்று தரப் பரிசோதகராக இருப்பவள் நான். ஹெரால்டின் சர்வீஸ் புத்தகத்தை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவள். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கிய வழக்கம் இல்லை.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். எங்கள் லைனில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், போல்ட் தலையையும் அடியிலுள்ள தகட்டையும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுப்போம். பிறகு எவர் அதைத் திருப்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுக்கும். கார் வாங்கிய வாரமே, பாடியை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் அத்தனை போல்ட்டிலும் அவ்வாறே கோடு இழுத்திருந்தேன். ஏ.யிடம் சொல்லவில்லை.

இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்புறம் நான்கு போல்ட்டுகளில் கோடு விலகியிருக்கிறது.

செப். 9, செவ்வாய்

ஏ.யிடம் நேரடியாகவே கேட்டேன்.

"பாடியத் தூக்குனீங்களா?"

"நான் எதுக்கும்மா தூக்கப் போறேன்? அது அப்டியேதான் கீது."

"நான்கு போல்ட்டுகள் திருப்பப்பட்டிருக்கின்றன. இதற்குத் தக்க விளக்கம் தேவை."

"நியூஸ் படிக்கிற மாரியே பேசுற மா நீ. லாரி போற ரோடு, அதிர்வுல லூசாயிருக்கும்."

அதிர்வில் நான்கும் ஒரே அளவு, ஒரே பக்கம் திரும்புமா? பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்த ஸ்பானரையே மீண்டும் மீண்டும் துடைத்தார்.

சில்லறை: பால் திரிந்துவிட்டது. ரேஷன் கடை மூடியிருந்தது.

செப். 11, வியாழன்

பிற்பகல் இடியுடன் மழை. கேன்டீனில் இசக்கியம்மாள் (திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், என் லைன்) உரத்த குரலில்: "எக்கா, உங்க வண்டியில பின் சீட்டுக்கு நாங்க நாலு பேரு இப்பமே துண்டு போட்டாச்சி. முப்பதாம் தேதி ஹாஸ்டல் வாசல்ல வந்து ஏத்திக்கிடணும், பாத்துக்கிடுங்க."

அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். கேலியா, ஆவலா என்று பிரித்தறிய இயலவில்லை.

வீடு திரும்பியபோது அவர் (என் கணவர் சேகர்) கொல்லைப்புறம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அடுப்படி ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தவை, விழுந்த வரிசையில்:

"...அவளுக்குத் தெரியவேணாம்..."

"...அன்னிக்கி ஒரு நாள் தாங்குனா போதும் தலைவா..."

"...அவ டூட்டில இருக்கும்போதே முடிச்சிடு..."

உள்ளே வந்ததும் "யார்?" என்றேன். "கோடவுன்ல நம்ம பையன்" என்றார். கோடவுனில் எவரையும் இவர் "தலைவா" என்று அழைத்து நான் கேட்டதில்லை.

சாத்தியங்கள்:
1. காரை எனக்குத் தெரியாமல் விற்க ஏற்பாடு.
2. நல்ல பாகங்களைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுதல். ஏ.யும் இவரும் கூட்டு.
3. பெண் விவகாரம். வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் பதிவு செய்கிறேன்.

செப். 13, சனி

இரண்டாவது சாத்தியத்தைச் சோதித்தேன். கார்புரேட்டர், டைனமோ, விளக்கு வளையங்கள் அனைத்தும் என்னுடையவையே. கீறல்கள் கூட அதே இடத்தில். திருட்டு இல்லை. மனம் ஆறவில்லை. எதுவும் போகவில்லை என்றால் பாடியை எதற்குத் தூக்கினார்கள்?

அவர் இன்று அளவுக்கு மீறிய அன்போடு இருந்தார். கேட்காமலே மல்லிகைப்பூ. வாங்கிக்கொண்டேன். சூடிக்கொள்ளவில்லை.

செப். 14, ஞாயிறு

வெயில். "அம்மா வீட்டுக்குப் பென்னலூர் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, பாதி வழியில் ஷேர் ஆட்டோ மாறிப் பிள்ளைப்பாக்கம் சென்றேன். பொய் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். விசாரணைக்கு அது தேவைப்பட்டது.

கொட்டகைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஏ. இல்லை. உள்ளே கால் வைத்ததும் புதுத் தார் வாடை. காரின் பின்பகுதி முட்டுக்கட்டைமேல் உயர்ந்து நின்றது. அடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன். அடிச்சட்டம் முழுவதும் பளபளவென்று கறுப்புப் பூச்சு. வாங்கிய நாளில் மண்ணும் பழைய தாரும் மண்டியிருந்த அதே இடம். இவ்வளவு அழகு எனக்குப் பிடிக்கவில்லை.

பழுதான ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். இரும்பின்மேல் வைத்தால் பிடிக்கும். பட்டி பூசி மறைத்த இடத்தில் பிடிக்காது. முன்புறத்திலிருந்து ஒவ்வொரு சாணாக நகர்த்தினேன்.

பிடித்தது. பிடித்தது. பிடித்தது. பின் சக்கரத்துக்கு முந்தைய வளைவில் என் மார்பின்மேல் விழுந்தது.

மீண்டும் வைத்தேன். மீண்டும் விழுந்தது. இடப்பக்கம் ஒன்றரைச் சாண் நீளம், வலப்பக்கம் ஒரு சாண். இரும்பே இல்லை. கட்டைவிரலால் அழுத்தியதும் பூச்சு பெயர்ந்தது. உள்ளே பட்டி. பட்டிக்குள் மடித்துச் செருகிய அலுமினியத் தகடு. அதற்கும் உள்ளே, டீத்தூள் போல உதிர்ந்த துரு.

பின் சக்கரங்களின் பாரம் முழுவதையும் தாங்கும் இடம் அது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியவில்லை. டீ வாங்கப் போயிருந்த ஏ. திரும்பியபோது காருக்கு வெளியே என் கால்கள் மட்டும் தெரிந்திருக்கின்றன. "யோவ் சேகரு, ஒம் பொண்டாட்டி வண்டிக்குக் கீழ கீதுய்யா!" என்று போனில் அலறியது எனக்கு நன்றாகக் கேட்டது. "தலைவா" யார் என்பதும் விளங்கிற்று.

அவர் பைக்கில் வந்து சேர்ந்தார். இருவரும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர்கள் போல நின்றனர். கேட்டறிந்தது: ஆகஸ்டில் பிரேக் குழாய் மாற்றும்போது ஏ. பழைய தாரைச் சுரண்டியிருக்கிறார். ஸ்க்ரூடிரைவர் சட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. சந்தேகம் தீரப் பின்பக்கம் நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லப் பயந்து இவரிடம் சொல்லியிருக்கிறார்.

"நான்தான் மேல மூடச் சொன்னேன்" என்றார் அவர். "நீ கம்பெனில அத்தினி பேராண்டையும் சொல்லிட்ட. அன்னிக்கி ஒரு நாள் ஓட்டிக்கினு போய் இறங்கிட்டா போதும், அப்புறமா சொல்லிக்கலாம்னு. கேட்டு வரைக்கும் ஆறு கிலோமீட்டர்தானே மேகலா."

"அந்த ரோட்டுல முன்னாடியும் பின்னாடியும் கண்டெய்னர் லாரி. நடுவுல உடைஞ்சா?"

ஏ.தான் பேசினார். குரல் உயரவில்லை.

"வண்டி வந்த மொத நாளே பாடியத் தூக்கிப் பாத்துரலாம்னு சொன்னேம்மா. ஞாபகம் கீதா? வேலைய இழுக்கப் பாக்குறேன்னு நீதான் வாணாம்னுட்ட. அப்பவே பாத்திருந்தா வித்தவன்கிட்டயே திருப்பி வுட்டிருக்கலாம்."

சொன்னது உண்மை. அந்தச் சொற்களையே சொன்னேன். வேலையை நீட்டிக் கூலி பார்க்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

டீ ஆறிப்போயிருந்தது. மூவரும் குடித்தோம்.

செப். 15, திங்கள்

விடுப்பு. காய்ச்சல் என்று காரணம் எழுதினேன். காய்ச்சல் இல்லை.

செப். 17, புதன்

மழை. பத்து நிமிடம் மட்டும்.

ஏ. மாற்று வழியோடு வீட்டுக்கே வந்தார். மறைமலை நகர் பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டில் இதே மாடலின் அடிச்சட்டம் கிடக்கிறதாம். எண் கிடையாது, ஆர்.சி. புத்தகம் கிடையாது. "நம்ம சட்டத்துல நம்பர் அடிச்ச துண்ட மட்டும் வெட்டி எடுத்து அதுல வச்சி வெல்டு பண்ணிடலாம்மா. ரெண்டு நாள் வேலை."

அது குற்றம் என்றேன். "சரி, வுடு" என்றார். அவ்வளவு எளிதில் விட்டது ஏன் என்று அவர் போன பிறகும் யோசித்தேன்.

என்னையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள், இரண்டு நாள் வேலை என்றால் 30ஆம் தேதிக்கு முடிந்துவிடும் என்று என் மனம் கணக்கிட்டுவிட்டது. மறுப்பு அதன் பிறகே வந்தது. இதை வேறு எவரிடமும் சொல்வதற்கில்லை.

செப். 21, ஞாயிறு

வெயில் இல்லை, காற்றும் இல்லை.

முடிவு: ஹெரால்டு திட்டம் இன்றோடு கைவிடப்படுகிறது.

எஞ்சின், கியர் பெட்டி, கதவுகள், விளக்குகள்: வேலூரில் பழைய கார் சீர்செய்யும் ஒருவருக்கு. கூடு: இரும்புக்கு. அடுத்த மாதம் 3ஆம் தேதி லாரி. வேலூர்க்காரரிடம் அடிச்சட்டம் பற்றி நானே முதலில் சொன்னேன். "இவ்ளோ சொல்றீங்களே, அப்ப எஞ்சின்ல இன்னா பிரச்சன?" என்றார். ஒன்றும் இல்லை என்று நம்பவைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டார். ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதிய பக்கங்கள் அதில் நூற்றுக்கும் மேல். தருவதற்கில்லை என்றேன்.

சேகர் சொல்கிறார்: "பார்ட்ஸ் வரலன்னு கம்பெனில சொல்லிடு. யாரு வந்து பாக்கப் போறாங்க?" மறுபடியும் பூச்சு வேலை.

செப். 30, செவ்வாய்

காலை தூறல். கம்பெனியில் பூஜை. இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஃபோர்க்லிப்டுகளுக்கு மாலை.

பேருந்திலிருந்து இறங்கும்போதே இசக்கியம்மாள் கேட்டில் நின்றாள். பட்டுப்புடவை. அவளோடு மூன்று ஹாஸ்டல் பெண்கள், அவர்களும் பட்டில். ஹாஸ்டல் வாசலில் வந்து ஏற்றிக்கொள்வேன் என்று உண்மையாகவே காத்திருந்து, நேரமாகிவிட்டதென்று ஆட்டோ பிடித்து வந்தார்களாம்.

"எக்கா, வண்டி எங்க? பஸ்ஸுல வந்து எறங்குதிய?"

"நிராகரித்துவிட்டேன்."

"யார, அண்ணாச்சியவா?"

கேட்டில் நின்ற செக்யூரிட்டி வரை சிரிப்பு. அடங்கும்வரை காத்திருந்தேன். வீட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சேஸிஸ் இத்துப்போச்சு. மேல பூசி மறைச்சிருந்தது. ஓட்டிட்டு வந்திருக்கலாம். நான் ரிஜெக்ட் பண்ணிட்டேன். வாங்கும்போதே பாத்திருக்கணும். பாக்காதது என் தப்பு."

இசக்கியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். தன்னையும் சேர்த்து நான்கு.

"நாங்கள்லா பின்னால இருந்திருப்போம்" என்றாள்.

என் கையைப் பிடித்தபடியே உள்ளே நடந்தாள். பின்னால் எவரோ சிரித்தனர். என்னைப் பற்றியதா என்று உறுதி செய்ய இயலவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. நல்ல வெயில். வீட்டில் தையல் இயந்திரம், அரிவாள்மனை, அகராதி ஆகியவற்றுக்குப் பொட்டு. சுண்டலில் உப்பு தூக்கல்.

பதினொரு மணிக்கு ஏகாம்பரம் போன் செய்தார். "கொட்டாயில படையல் போட்டுக்கீறேன்மா. வந்துட்டுப் போங்க ரெண்டு பேரும்." சேகர் அதற்குள் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு.

ஹெரால்டைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, முகப்பில் சந்தனம் வைத்திருந்தார். நாளை மறுநாள் பிரிக்கப்படும் காருக்கு. நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு?"

"தள்ளுனா ஓடும்மா. நீ ஸ்டீரிங்ல குந்து, நாங்க தள்றோம்."

நிராகரித்த வண்டியில் அமர்வதில்லை என்றேன். "சரி, அப்ப நீயும் தள்ளு" என்றார். அவர் ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ள, நானும் சேகரும் பின்னாலிருந்து தள்ளினோம். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு முனகல். கொட்டகை வாசல் வரை நான்கடி நகர்ந்தது. வெயில் பட்டதும் பானெட் எப்படி மின்னியது என்பதை எழுதப்போவதில்லை.

"நாலும் நசுங்கிச்சிம்மா!" என்று ஏகாம்பரம் கத்தினார். சேகர் கைதட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கற்பூரப் புகையாகவும் இருக்கலாம்.

தட்டை எடுக்கும் சாக்கில் கொட்டகைக்குள் திரும்பிச் சென்று தரையைப் பார்த்தேன். மூன்றுதான். இடப் பின்சக்கரத்துக்கு வைத்தது விலகி உருண்டு, செங்கல் ஓரம் முழுசாகக் கிடந்தது.

வெளியே வந்து, "ஆமாம், நாலும்" என்றேன்.

அது என் கைப்பையில் இருக்கிறது.