இருபத்துமூன்று பல்லா, பத்தொன்பதா

13 ஜனவரி, திங்கள்

−6. கார்க் கண்ணாடி சுரண்ட ஏழு நிமிடம். இடக்கைக் கையுறை காணவில்லை.

மலைமீட்புக் குழுவின் பனிமோட்டார் வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது. குழுத் தலைவர் யூர்கனும் கூடவே. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோரிக்கை ஒன்றுதான்: வேகம். முகட்டுப் பாதை ஆறு கிலோமீட்டர், சமதரை. அதில் ஒரு நிமிடம் மிச்சம் பிடிக்க வேண்டும். டிசம்பரில் மாரடைப்பு வந்த ஒருவரிடம் பிந்திப் போனார்களாம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, வண்டியின் மூக்கைப் பார்த்தார்.

இப்போது சங்கிலிப் பெட்டியில் மேல் பற்சக்கரத்துக்கு 19 பல், கீழ்ச் சக்கரத்துக்கு 43. மேலே 23 போட்டால் ஓட்டம் கூடும், இழுவை குறையும். பயம் தெற்குப் பள்ளத்து ஏற்றம். அங்கே விழுந்தவரை மேலே இழுத்துத்தான் ஆம்புலன்ஸுக்குக் கொடுக்க முடியும். கீழே வீதி கிடையாது.

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ரவி அண்ணை வண்டியைச் சுற்றி வந்து: “தங்கச்சி, எங்கட ஆக்கள் பனியைக் கண்டா ஹீட்டரைக் கூட்டுவினம். உங்கட மகள் இதில ஏறி ஓடுறா.”

சிரித்தேன். வாயால் மட்டும். சனி, ஞாயிறு பணிப் பட்டியலில் ஓட்டுநர்: அபி.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். மின்னடுப்பில், சின்னச் சட்டியில். பொங்கி வழியவில்லை. வழிந்தால் துடைப்பது நான்தானே. பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து அக்கா போன்: ஏன் வரேல்லை? வேலை என்றேன். அதுதான் உண்மையும்.

முழு நாளும் கணக்கு. படிவத்தில் யூர்கன் எழுதிய சுமை, கிலோவில்:
வண்டி 300
ஓட்டுநர் 70
அக்யா, அதாவது காயப்பட்டவரைக் கட்டி இழுக்கும் படகு, 40
காயப்பட்டவர் 85

மொத்தம் 495. 23 பல்லோடு ஏற்றத்தில் இழுவை நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் மிச்சம். அதிகமில்லை, போதும். இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறை ரவி அண்ணையின் கல்குலேட்டரில், என்னுடையதில் நம்பிக்கை இல்லாததுபோல.

கையெழுத்து வைத்தேன்.

15 ஜனவரி, புதன்

ஈரப்பனி. 23 ஏறியது. பழைய சங்கிலி எட்டாது, இரண்டு கண்ணி நீளமானது போட்டோம். ரவி அண்ணை பழையதை எண்ணெய் தடவிச் சுற்றி வைத்தார். ஏன் என்று கேட்டேன். “குப்பையில போட மனம் வரேல்லை” என்றார்.

மாலை யூர்கன் வந்து எடுத்துப் போனார். முதல் முறையாகச் சிரித்தார். பல் மருத்துவரிடம் குறித்திருந்த நேரத்தைத் தள்ளிப்போட்டேன்.

16 ஜனவரி, வியாழன்

அபி சாப்பிட வந்தாள். மிஞ்சிய பொங்கலைச் சூடாக்காமல் சட்டியிலிருந்தே.

“சனிக்கிழமை பணி நானும் எங்கட குழு மார்க்குஸும். அவன் பின்னால நிண்டா அக்யா ஆடாது.”

“எங்க நிப்பான்?”

“அக்யாவின்ர வாலில.”

“இறக்கத்திலதானே?”

“ஏத்தத்திலயும்தான். முதல் ஆரு போய்க் காயப்பட்டவற்ர கையைப் பிடிக்கினமோ, அவை ஆம்புலன்ஸ் வரைக்கும் கூடவே வரவேணும். தனிய விடேலாது.”

“படிவத்தில அப்பிடி ஒருத்தர் இல்லையே.”

“அதை ஏன் எழுதுவினம் அம்மா? எல்லாருக்கும் தெரியும்.”

மார்க்குஸ் எத்தனை கிலோ என்று கேட்டேன். முதுகுப்பையெல்லாம் சேர்த்து எப்படியும் தொண்ணூறு என்றாள். அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. “ஏன், கலியாணம் பேசப் போறீங்களோ?”

495 + 90. காகிதம் வேண்டியதில்லை. என் பன்னிரண்டு வீதம் போய், அதற்கு மேலும் போய்விட்டது.

படிவத்தை நம்பினேன். ஒருவரையும் கேட்கவில்லை. இருபது வருடமாக மற்றவர்களின் படிவங்களைச் சந்தேகிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

17 ஜனவரி, வெள்ளி

ஏழரைக்கே யூர்கனுக்குப் போன். தவறு என்னுடையது, 23 ஏறாது என்றேன்.  காகிதத்தில் ஏறாதா, பனியில் ஏறாதா என்று கேட்டார். இரண்டிலும். அவர் நம்பவில்லை. நாளைக் காலை மலையில் பார்த்துவிடுவோம் என்றார். அதுவரை பணிக்குப் பக்கத்துக் குழுவின் வண்டி.

நாளைய சோதனைக்கு வேறு ஓட்டுநர் போடச் சொல்லிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அபிக்குத் தெரிந்தால் ஒரு மாதம் பேசமாட்டாள். தவிர, என் கணக்கில் வேறொருவர் மகன் ஏறலாமா?

பால், பாண், சலவைத்தூள். சலவைத்தூள் மறந்தேன்.

18 ஜனவரி, சனி

−9, வெயில், காற்று இல்லை. காயப்பட்டவருக்குப் பதில் மணல் மூட்டை. வாலில் மார்க்குஸ். அபி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு என்னிடம், “அங்கால போய் நில்லுங்கோ.”

பாதி ஏற்றம் வரை சரி. பிறகு சத்தம் மாறியது. இயந்திரம் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ரப்பர் பெல்ற் கருகும் மணம் மேலே வரை வந்தது. நின்றது. ஒரு கணம் அப்படியே. பிறகு பின்னோக்கி.

மார்க்குஸ் குதித்தான். அக்யா குறுக்காகத் திரும்பியது. வண்டி அதில் மோதிச் சாய்ந்தது. அபி பனியில் உருண்டாள்.

நான் ஓடவில்லை.  ரவி அண்ணைதான் ஓடினார், அறுபது வயதில், வேலைச் சப்பாத்தோடு.

எழும்பினாள். முழங்கையில் சிராய்ப்பு. கீழேயிருந்து கத்தினாள்: “கணக்குச் சரி அம்மா!”

யூர்கன் வெளிறிப்போயிருந்தார். 21 போட்டால், பாதி நிமிடமாவது மிஞ்சாதா என்று கேட்டார். 21இல் மிச்சம் நாலு வீதம். புதுப்பனி விழுந்தால் அதுவும் இல்லை. முடியாது என்றேன். ஏற்றத்தில் மார்க்குஸ் இறங்கி நடந்தால்? கேட்டுவிட்டு அவரே கூடாதென்று தலையை ஆட்டினார்.

பிறகு மெதுவாக: முகட்டில் ஒருவர் விழுந்து கிடந்தால், அந்த ஒரு நிமிடத்துக்கு நான் யாரிடம் போவது?

 19 என்றேன்.

வாகனத் தரிப்பிடத்திலேயே மாற்றினோம். பழைய பற்சக்கரம், பழைய சங்கிலி, புது பெல்ற். ரவி அண்ணை பெட்டியைக் கழற்ற, நான் விளக்குப் பிடித்தேன்.    பின்னேரம் அதே சுமையோடு மூன்று தரம் ஏற்றிப் பார்த்தோம். ஏறியது.

19 ஜனவரி, ஞாயிறு

புதுப்பனி, முழங்கால் வரை. 11.20க்கு அழைப்பு. தெற்குப் பள்ளம், மரத்தில் மோதிய ஒருவர், இடுப்பெலும்பு. அபி போனாள்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம். அலுமாரி அடுக்கினேன். ஒரே தட்டை இரண்டு தரம்.

12.50க்குப் போன். பின்னால் காற்று.

“ஏறிற்றுது அம்மா. ஒருக்காக்கூட நிக்கேல்லை.”

“முகடு?”

“ஆறு நிமிசம். முந்தி மாதிரித்தான்.”

“அவர்?”

“கனக்க ரத்தம் உள்ளுக்க. ஹெலிகொப்டரில ஏத்தினவை. டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை.” பிறகு, “மார்க்குஸ் கடைசி வரைக்கும் அவற்ர கையை விடேல்லை.”

நாலரைக்கு யூர்கன். அவர் குரலைக் கேட்டதும் கதிரையில் உட்கார்ந்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்தது, உயிர் இருக்கிறது. நன்றி என்று ஒரு சொல். அதே மூச்சில், வசந்தத்தில் பெரிய இயந்திரத்துக்கு விண்ணப்பம் போடப்போகிறாராம், சுமைப் பட்டியலை நான் எழுதித் தர வேண்டுமாம்.

எழுதுகிறேன், ஆனால் அதற்கு முதல் ஒரு நாள் முழுக்க உங்களோடு மலையில் நிற்க வேண்டும் என்றேன். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்.