சோக் குமிழில் மாட்டிய பை

செவ்வாய், இரவு.

அப்பாவின் பழைய கார் ஒரு மாதமாகக் கரும்புகை விட்டு வழியில் நின்றுபோகிறது. முழங்கால் வலியால் அம்மா ஆட்டோவில் ஏற முடியாது. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்தக் கார்தான். வண்டியைக் கிளப்ப டாஷ்போர்டில் வெளியே இழுக்கும் சோக் குமிழில் அவள் கட்டிய கோயில் கயிறுதான் கோளாறு என்று காலையில் அவள் கண்ணெதிரே அறுத்துக் குப்பையில் எறிந்தேன். பிறகும் புகை.

மெக்கானிக் சலீம் பாயிடம் கயிற்றை அறுத்ததையும் சொன்னேன். அவர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைத் திறக்கவில்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்; பின்சீட்டில் அம்மா. வழக்கம்போல் கைப்பையைச் சோக் குமிழில் மாட்டினேன்.

"கயித்துக்கு ஏதுங்க மேடம் வெயிட்டு? பள்ளத்துல உங்க பைதான் சோக்கை வெளிய இழுக்குது. பெட்ரோல் ஜாஸ்தியா போவுது, அதான் புகை."

பின்சீட்டிலிருந்து அம்மா கை நீட்டினாள். "பைய குடு, நான் மடியில வெச்சிக்கிறேன்."

கயிற்றை அறுத்ததைக் குத்திக்காட்டி அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கார் சரியானதைவிட அதற்குத்தான் நன்றி. கயிற்றைக் குப்பையிலிருந்து எடுத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். காலையில் அவள் எழுவதற்குள் மறுபடி குமிழில் கட்டிவிட வேண்டும்.