சீரியஸா, கிரிட்டிக்கலா

மார்ச் 3

இன்று எழுத வேண்டியவை:
1. சீரியஸ், கிரிட்டிக்கல் – இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்.
2. டாக்டருக்கு அந்தத் தூரம் தெரியவில்லை.
3. மகனுக்கு வர மனமில்லை. அதனால்தான் போனில் எந்தச் சொல் என்று பிடித்துத் தொங்குகிறான்.

மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்து நான்கு நாள். நுரையீரலில் நீர். காலையில் டாக்டர், "சீரியஸ்தான் சார்" என்றார். மாலையில் அதே வாயால், "கொஞ்சம் கிரிட்டிக்கல்." சீரியஸ் என்றால் நோய் பெரிது. கிரிட்டிக்கல் என்றால் பிழைப்பாளா என்றே சொல்ல முடியாத கட்டம். இதில் 'கொஞ்சம்' எங்கிருந்து வந்தது? கேட்கத் துணிவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 4

வெளிநாட்டிலிருந்து மகன் மறுபடியும் போன் செய்தான்.

"அப்பா, ஒரே வார்த்தை சொல்லுங்க. சீரியஸா, கிரிட்டிக்கலா?"

"அம்மா உன்னத் தேடுறாடா."

"தெரியும்பா. வார்த்தை என்ன? ஏன் கேக்கறேன்னா, இங்க ஆபீஸ்ல–"

சொல்லின் அளவை முதலில் அவனுக்குப் புரியவைக்க வேண்டாமா? சிவியர் என்று இன்னொரு சொல் உண்டு, அது வலிக்குச் சொல்வது, நோயாளிக்கு அல்ல என்று தொடங்கினேன். "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்புங்க" என்று வைத்துவிட்டான்.

பெத்தவளப் பாக்க அகராதியப் புரட்டிட்டா வருவான்? என்ன பிள்ளை இவன்!

மார்ச் 5

லெட்டர் எழுதும்போது டாக்டர் பேனாவை நிறுத்தினார். "ரெண்டும் பொருந்தும் சார். எதப் போடட்டும்?"

என்னிடம் கேட்கிறார்! நேற்றைவிட இன்று அவளுக்கு மூச்சு சற்றுத் தேவலை. மூன்று அகராதி பார்த்தவன் நான். "சீரியஸ்" என்றேன். அனுப்பியாயிற்று. சரியான சொல். சரிதானே?

மார்ச் 6

அவள் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக் கேட்டாள். "என்ன சொன்னான்?"

"வார்த்தை கேட்டான்."

"நீங்க பாடம் எடுத்திருப்பீங்க." மூச்சு வாங்கியது. "வாடான்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

மார்ச் 7

மகனிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 8

வார்டு வாசலில் பையோடு நிற்கிறான். சவரம் செய்யாத முகம்.

"கிரிட்டிக்கல்னு லெட்டர் இருந்தாத்தான் லீவாம்பா. சீரியஸுக்குக் கிடையாதாம்."

"அப்ப எப்படி வந்தே?"

"வேலைய விட்டுட்டேன்."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

அவன் கையால் அரை டம்ளர் பால் குடித்தாள். நான் கொடுத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கியதில்லை.

மூன்றாம் தேதி எழுதிய பட்டியலில் மூன்றாவது வரி தவறு. அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.