பொத்தான் மட்டும் பாக்கி

அக்கா,

இல்லை, பொத்தான் மட்டும் பாக்கி என்று நான் சொன்னது பொய். உன் சுடிதாருக்கு நீ தந்த நீலத் துணியை இன்னும் வெட்டவேயில்லை. ஆறு வருடமாகத் தையல்கடையில் பிறர் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்கிறேன். அதில் தவறினால் மறுபடி பிரிக்கலாம். வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

மூன்று வாரமாகச் சுண்ணக்கட்டியால் கோடு போடுகிறேன், தட்டி அழிக்கிறேன்.

"என்னம்மா, துணிக்கு வலிக்கும்னு பாக்குறியா?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"எனக்கு வலிக்குது சார்."

திங்கட்கிழமை நீ புது வேலைக்கு இதைத்தான் உடுத்திப் போக வேண்டும். என் பொய்யால் உனக்கும் பதற்றமில்லை, எனக்கும் அவசரமில்லை. அவசரம் வரட்டும் என்றுதான் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கத்தரிக்கோலை எடுத்துவிட்ட,
உன் தங்கை

பி.கு.: வெட்டிவிட்டேன். இடது கைப்பகுதி அரை அங்குலம் குறைந்துவிட்டது. மிச்சத் துணியில் அதை மட்டும் மறுபடி வெட்டினேன்.