பதினேழாம் நம்பர் பூதத்தின் கைகள்

அக்கா,

உங்கள் துணிப்பைக்குள் கையை விட்டதும் முதலில் விரலில் வந்து ஒட்டிக்கொண்டது ஒரு சிவப்பு அம்பு. பனியன் கம்பெனிச் செக்கிங் டேபிளில் நாம் இருவரும் தினமும் கையாண்ட அதே குட்டி ஸ்டிக்கர்தான். தையல் விட்டுப்போன இடம், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை என்று குறை எங்கே கண்ணில் பட்டாலும் அதை ஒட்டி, இங்கேதான் என்று காட்டுவோம். துணியில் ஒட்டியது போதாது என்று கதைகளிலும் ஒட்டியவர்கள் நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரத்திலிருந்து உங்கள் தங்கச்சி வந்திருந்தார். நீங்கள் இருந்த வீட்டைக் காலி செய்கிறார்களாம். பையின் மேல் என் பெயரை எழுதி வைத்திருந்தீர்களாம். வாங்கிக்கொண்டேன். ஆனால் மனதில் முதலில் வந்தது நன்றி இல்லை. இவ்வளவு நாள் கழித்து எதற்கு இந்தப் பை, உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. இறந்துபோனவர் வைத்துவிட்டுப் போன பையையே ஓரக்கண்ணால் பார்க்கிற ஜென்மம் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டு நாள் அதைப் பிரிக்காமல் பீரோ மேலேயே வைத்திருந்தேன்.

நம் பூதக்கதைப் போட்டிக்கு இந்த வருடக் கதைகள் வந்துகொண்டிருக்கின்றன. நடுவர் நான் ஒருத்திதான். கதைகளில் பாதியை ஆள் எழுதினாரா, போனே எழுதிக்கொடுத்ததா என்று தெரியவில்லை. எல்லாக் கதையிலும் பூதம் கடைசியில் திருந்திவிடுகிறது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாம் போனில் பார்த்துத் தீர்த்த அந்த வெளிநாட்டுப் பூதத் தொடரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரே ஒரு காட்சியில் சேற்றிலிருந்து எழுந்து, வாயைத் திறப்பதற்குள் வெட்டுப்பட்டுச் சாகும் ஒரு பூதத்துக்காக நீங்கள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அழுதீர்கள். "அது என்ன சொல்ல வந்துச்சுன்னே கேக்கலீங்களே" என்றீர்கள். அதற்குச் சேற்றுவாயன் என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். பிறகு தொடரின் ரசிகர் குழுவில் சேர்ந்தோம். தொடரில் இல்லாத கதைகளை அந்தப் பூதங்களுக்கு எழுதுகிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். வருடம் ஒரு கதைக்குப் பரிசு கொடுக்கலாம் என்று சொன்னவரும் நீங்கள்தான்.

கோப்பை கீப்பை எல்லாம் வேண்டாம், பித்தளைச் செம்பு என்றீர்கள். உங்கள் வீடு அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைக்கு அடுத்த சந்து. ஜெயித்தவரின் பெயரைச் செம்பில் வெட்டியே கொடுப்போம். பெயர் வெட்டிய பாத்திரம் யார் வீட்டுக்குப் போனாலும் உரியவரிடம் திரும்பி வந்துவிடும் என்பது உங்கள் நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து மார்க் போடுவோம். குழுவைப் பார்த்துக்கொள்ளும் வேணி, எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு நம்பர் மட்டும் போட்டு அனுப்புவாள். ஆளுக்கொரு பிரதி எடுத்து, தனித்தனியாகப் படித்து, குறை தெரிந்த இடத்தில் அம்பு ஒட்டி, ஓரத்தில் காரணம் எழுதி, கடைசியில் பிரதிகளை மாற்றிக்கொள்வோம். மூன்று தலைப் பூதத்தின் தலைகள் தோசைக்குச் சண்டை போட்ட கதை வந்தது. ரத்தம் குடிக்கும் வௌவால் ராணிக்கு வளைகாப்பு நடத்திய கதையும் வந்தது. உங்கள் பிரதியில் தேடித்தான் அம்பைப் பார்க்க வேண்டும். என் பிரதிக்கு அம்மை போட்டதுபோல் இருக்கும். "உங்க கண்ணு பட்டா பூதமே ரிஜெக்ட்டுங்க" என்பீர்கள்.

அப்புறம் பதினேழாம் நம்பர் வந்தது.

அந்தக் கதையில் சேற்றுவாயன் சாகவில்லை. ஒரு குகையில் ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறது. தினமும் பொழுது சாயும்போது அது வீடு திரும்பியதும் அவள் அதன் கைகளைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, நகம் நகமாகப் பார்ப்பாள். கறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் சோறு. ஒருநாள் அது எதையும் தொடாமல், சும்மா ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு வருகிறது. கைகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் போய் அவள் முன்னால் நீட்டுகிறது. அவள் பிடித்துப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் அதற்கு வேண்டியிருந்தது. கதை அவ்வளவுதான்.

படித்ததும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஏனென்றால் அது என் வீட்டுப் பழக்கம். என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். நகக்கண் முழுக்க எண்ணெய் இருக்கும். நானோ வெள்ளைச் சாம்பிள் துணிகளை வீட்டுக்கு எடுத்து வருகிறவள். அதனால் அவர் வந்ததும் டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தி இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். இதைக் கண்ணால் பார்த்த வெளியாள் நீங்கள் ஒருவர்தான். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவரும் நீங்கள்தான்.

ஆக, எழுதியது நீங்கள். நடுவராக இருந்துகொண்டே வேறு பெயரில் கதை அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் என்னைப் பூதத்தின் பெண்டாட்டி ஆக்கி. இப்படித்தான் முடிவு கட்டினேன். தையலைப் பார்த்து இது எந்த டெய்லர் தைத்தது என்று சொல்கிறவள் அல்லவா நான்? என் பிரதியில் வரிக்கு வரி அம்பு ஒட்டினேன். பூதம் கையை நீட்டுகிற இடத்தில் மூன்று அம்புகள். ஓரத்தில் "நம்பும்படியாக இல்லை. கை சுத்தமாக இருந்தால் ஏன் நீட்ட வேண்டும்?" என்று எழுதினேன். உங்கள் பிரதியில் ஒரு அம்புகூட இல்லை. முழு மார்க். அதைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

அந்த வாரம் புதன்கிழமை இன்னொன்றும் நடந்தது. நம் கம்பெனி முக்கு பேக்கரியில் நீங்களும் என் வீட்டுக்காரரும் டீ குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் இருவருமே பேச்சை நிறுத்தினீர்கள். வேறொருத்தியாக இருந்தால் வேறு மாதிரிச் சந்தேகப்பட்டிருப்பாள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. கதைக்கு மார்க்கை ஏற்றச் சொல்லி அவர் மூலமாக எனக்குத் தூது விடுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் கொடுத்த காபியைத் தொடாமல் கேட்டேன். பதினேழை எழுதியது நீங்கள்தானே என்று. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"நானில்லீங்க."

"பின்ன யாருங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

முதல் வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. சொல்லக் கூடாது என்றால் மறைக்கிறீர்கள், மறைத்தால் குற்றம் உண்டு. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அப்படியானால் கதையைப் போட்டியிலிருந்து தள்ள வேண்டும் என்றேன். நீங்கள் சண்டை போடவில்லை. "தள்ளிடுங்க. நானும் ஒதுங்கிக்கறேன். ஒரே ஒரு தடவை அம்பு இல்லாமப் படிச்சுப் பாருங்க, அது போதுமுங்க" என்றீர்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பக்கத்துப் பட்டறையில் தகடு தட்டுகிற சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்தது.

பிறகு நாம் பேசவில்லை. ஒரே டேபிளில் எதிரெதிரே நின்று ஒரே பண்டலைப் பிரித்துப் பார்த்தோம், பேசவில்லை. நீங்கள் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் துணியைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பேச்சு நின்ற ஐந்தாம் மாதம், ஒரு திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். உங்கள் வீட்டு வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். முன்னால் வந்து முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கும்கூட மனதின் ஒரு மூலையில், கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லையே என்ற எண்ணம் இருந்தது. இதைச் சொல்லாமல் இந்த மடலை எழுதக் கூடாது.

பையில் இரண்டே சாமான்கள் இருந்தன. ஒன்று, பதினேழாம் நம்பர் கதையின் என் பிரதி. மாற்றிக்கொண்டபோது உங்களிடம் வந்தது. அதில் அம்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாக, காகிதம் கிழியாமல் உரித்து எடுத்திருக்கிறீர்கள். உரித்ததை எல்லாம் ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அதிலிருந்து கழன்ற ஒன்றுதான் என் விரலைப் பிடித்தது. மற்றொன்று செம்பு. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. சண்முகம்.

என் சந்தேகம் தன் கடைசி ஆட்டத்தை அப்போதுதான் ஆடியது. நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு சண்முகத்தின் மேல்தான் விழும். கட்டிங் மாஸ்டர் சண்முகமா? உங்கள் சந்து முனையில் இஸ்திரி போடுகிற சண்முகமா? அவர்களில் யாருக்காக நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். சோறு வெந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வழக்கம்போல் டியூப் லைட்டுக்குக் கீழே வந்து நின்று கைகளை நீட்டினார்.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்த பெயர் அக்கா, அது. அந்தப் பழக்கத்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்தேனே, அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது என் நினைவுக்கே வரவில்லை.

செம்பை எடுத்து அந்தக் கைகளில் வைத்தேன். பெயரைப் படித்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று போனில் எழுதியதாம். தான் எழுதியது என்று தெரிந்தால் நான் போடுவது மார்க்கே இல்லை, தெரியாமல் என்ன போடுகிறேன் என்று பார்க்க ஆசையாக இருந்ததாம். நீங்கள் மார்க் போட்டு முடித்த பிறகுதான் பேக்கரியில் அவரை மடக்கி, கதை உங்களுதுங்களா என்று கேட்டீர்களாம். அவர்தான் என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்புறம் வேணியிடமிருந்து கதை தேறவில்லை என்று தகவல் வந்ததும், நமக்கு எழுத வராது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். நாம் பேசாமல் போனதைக் கம்பெனித் தகராறு என்று நினைத்திருக்கிறார். நான்தான் வீட்டில் எதையும் சொல்லவில்லையே.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் செம்பைத் தரையில் வைத்தார்.

"ஒரு பூதத்துக்கோசரமா அவங்க கூடப் பேசாம இருந்தே?" என்றார்.

அழுதேன். உங்கள் வாசலில் நின்றபோது வராத அழுகை அது.

மறுநாள் அவர் வந்து, கையை நீட்டாமல் நேராகக் குழாயடிக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்று என் கைகளை நீட்டினேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு பிடித்து, நகம் நகமாகப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் அம்பின் பசை இன்னும் கொஞ்சம் இருந்தது. அதைத் தன் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தார். "நம்பும்படியாக இல்லை" என்று நான் எழுதிய இடம் இதுதான் அக்கா.

செம்பு தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் அதில்தான் குடிக்கிறார். நேற்று மெஷின் பக்கத்தில் நின்று என்னவோ டைப் அடித்ததாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. இந்த வருடக் கதைகளை முதல் தடவை அம்பு இல்லாமல் படிக்கிறேன். மூன்றாம் நம்பரைப் போன்தான் எழுதியது, அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முடியுமா?

இஸ்திரிக்காரரையும் கட்டிங் மாஸ்டரையும் சந்தேகப்பட்டதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தே ஐந்து மாதம் என் எதிரில் நின்று துணி பார்த்தீர்கள். ஒரே ஒரு வார்த்தையில் என்னை வெட்கப்படுத்தியிருக்கலாம். அதைச் சொல்லாமல் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னது "நானில்லீங்க" மட்டும்தான். காபி ஆறிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு நான் சொல்லாமல் வந்த பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.

சரிங்க அக்கா. நம்பறேனுங்க.